வரலாறு அவர்களுக்கு, நிர்வாகம் நமக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடுகிறது. பொம்மையார்பாளையம் தாண்டியதும் மறுபடி புதுச்சேரி. நகரத்தோடு ஒட்டாத அந்தக் காலாப்பட்டுத் துண்டில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. 1947 முதல் 1954 வரை இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான எல்லை. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949 ஏப்ரலில் முடிந்தபிறகு, ஆளுக்கு மட்டுமல்லாமல் சரக்குக்கும் எல்லையாகிவிட்டது. தரைவழியே மீன்கூடையோடு நகரத்துச் சந்தைக்குப் போன ஒரு பெண் பிரெஞ்சு மண்ணிலிருந்து இந்திய மண்ணுக்குள் வந்து, மீண்டும் பிரெஞ்சு மண்ணில் ஏறியாக வேண்டும். அவளை யார் நிறுத்தினார்கள், என்ன கேட்டார்கள், அவள் என்ன கொடுத்தாள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்படும் ஒரு முதுகலை மாணவர் எந்த நூலகத்துக்கு, எந்த அரசு ஆவணக் காப்பகத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். ஊரிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், அதில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில் பெரிய நூலகம். அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தின் இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தால், அதற்குப் பாரீசுக்குத்தான் போக வேண்டும் என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதில் சரியா என்பதை மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுத்தான் சொல்ல முடியும்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். இந்த வேலையில் அமெரிக்கா நெடுங்காலம் முன்னால் நிற்கும் நாடு. அதன் வெளியுறவுத் துறை 1861 முதல் தன் கடிதப் போக்குவரத்தைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வருகிறது. இன்று அவை இணையத்திலும் கிடைக்கின்றன. அரசு வெளியீடுகளை இலவசமாகப் பெற்று மக்களுக்குத் திறந்துவைக்கும் நூலகங்கள் அங்கே ஆயிரத்துக்கும் மேல். சிற்றூர் ஒன்றின் கல்லூரி மாணவர் 1950களின் தன் நாட்டு அரசியலைப் பற்றி மூல ஆவணத்தோடு கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் அந்த வரிசையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1951–54 ஆண்டுகளின் ஈரானைப் பற்றிய தொகுதி 1989இல் வந்தபோது, 1953இல் மொசாதேக் அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத் துறைக்கு இருந்த பங்கு அதில் இல்லை. வரலாற்றாளர்கள் கொதித்தார்கள். முப்பது ஆண்டுக்குள் முழுமையாகவும் நேர்மையாகவும் வெளியிட வேண்டும் என்று 1991இல் சட்டமே வந்தது. விடுபட்டதைச் சேர்த்த புதிய தொகுதி வெளிவர 2017 ஆகிவிட்டது. அரசு தானே தேர்ந்தெடுத்து அச்சிட்ட ஆவணம் எளிதில் கிடைக்கும். ஆனால் தேர்ந்தெடுத்த கை எது என்று கேட்காமல் அதைப் பயன்படுத்த முடியாது. நம் கதைக்கும் இந்தப் பாடம் முழுக்கப் பொருந்துகிறது.

நம் பக்கம் வருவோம். இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கு அப்படிப்பட்ட தொடர் வரிசை இல்லை. அதற்குப் பதிலாக நடைமுறையில் எல்லோரும் கைவைப்பது ஜவாஹர்லால் நேருவின் தேர்ந்தெடுத்த படைப்புகள், இரண்டாம் வரிசை. 1946 செப்டம்பரில் தொடங்கி அவர் மறைவு வரை போகும் இந்தத் தொகுதிகளில் பிரெஞ்சிந்தியாவைப் பற்றிய குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் நிறைய உண்டு. முதலமைச்சர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களும் தனியாக அச்சில் உள்ளன. டெல்லி என்ன நினைத்தது, எப்போது பொறுத்தது, எப்போது இறுக்கியது என்பதை நாள்வாரியாகத் தெரிந்துகொள்ள இவற்றுக்கு நிகரில்லை. ஆனால் நம் மீன்காரப் பெண் இவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. பிரதமரின் மேசைக்கு வந்துசேர்வதற்குள் ஒரு கிராமத்தின் துன்பம் ‘எல்லைப் பகுதி நிலவரம்’ என்ற மூன்று சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. காலவரிசைக்கு இது முதல்தர மூலம். மக்கள் வாழ்வுக்கு மூலமே ஆகாது.

பிரான்சுக்கும் ஓர் அச்சு வரிசை உண்டு. அதன் முக்கியமான தொடர் 1954 ஜூலை 21இல் தொடங்குகிறது. இந்தோசீனப் போரை முடித்த ஜெனீவா உடன்பாட்டின் நாள் அது. பிரெஞ்சு அரசியலுக்கு அது பொருத்தமான தொடக்கம்தான். நமக்கு மிகவும் பிந்திய தொடக்கம். முதலியார்பேட்டையும் மற்ற கொம்யூன்களும், அதாவது பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவுகளும், இணைப்பைப் பற்றிய வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு இணைகிறோம் என்று தீர்மானம் போட்டது அந்த ஆண்டு மார்ச்சில். அரசியல் தலைவர் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தது அதையொட்டி. ஏனாம் ஜூன் 13இல் கைமாறியது. மாஹே ஜூலை 16இல். ஆக, அந்தத் தொடர் தொடங்கும் நாளில் நம் கதையின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கிறது. மீதி இருப்பது பேச்சுவார்த்தை மட்டுமே.

அச்சை விட்டுக் காப்பகங்களுக்குப் போனால் விஷயம் சிக்கலாகிறது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையில் ஆவணங்களைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை பிரான்சின் பொறுப்பில் இருக்கும். ஆட்சி நடத்தத் தேவையானவை இந்தியாவின் பொறுப்பில் இருக்கும் என்பது அதன் சாரம். நிலத்தையும் கட்டடங்களையும் கணக்குகளையும் பிரித்துக்கொண்டதைப் போலவே காகிதத்தையும் பிரித்துக்கொண்டார்கள். பார்வைக்கு இது நியாயமான பாகப்பிரிவினை. ஆனால் எது வரலாறு, எது நிர்வாகம் என்று 1950களில் யார் முடிவு செய்தார்கள்? பழைய பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கடிதம் வரலாறு என்பதில் அன்று எவருக்கும் ஐயமில்லை. ஒரு கொம்யூனின் வரிப்பதிவேடு நிர்வாகம் என்பதிலும் ஐயமில்லை. எழுபது ஆண்டுக்குப் பின்னால் இன்று நின்று பார்த்தால், பிள்ளைச்சாவடி மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடியது இரண்டாவதுதான். புதுச்சேரி வரலாற்றை எழுதுபவர்களில் பலர் இந்தப் பிரிவை ஒரு சட்டச் செய்தியாக மட்டும் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில், இந்த வட்டாரத்தின் நடு இருபதாம் நூற்றாண்டு எப்படி எழுதப்பட்டது, எப்படி எழுதப்படாமல் போனது என்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் இல்லை. ஆராய்ச்சி, ‘வரலாறு’ என்று முத்திரை குத்தப்பட்ட பக்கமே போயிருக்கிறது.

அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது? பிரான்சில் நம்மைப் பற்றிய காகிதங்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. குடியேற்ற நாடுகளின் ஆவணங்கள் தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நிலப்பகுதிகளின் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் 1947க்குப் பிறகு புதுச்சேரி குடியேற்ற நாட்டு விவகாரமாக மட்டும் இல்லாமல் இந்தியாவோடு தீர்க்க வேண்டிய வெளியுறவு விவகாரமும் ஆகிவிட்டது. அதனால் 1944 முதல் 1955 வரையிலான ‘ஆசிய-ஓசியானிய’ வரிசைக் கோப்புகள் பாரீசை ஒட்டிய லா கூர்நேவில் உள்ள வெளியுறவுத் துறைக் காப்பகத்தில் உள்ளன. தூதரகங்களிலிருந்து திரும்பிப்போன தாள்கள் மேற்கே நாந்த் நகரத்தில். மூன்று ஊர்கள், மூன்று அட்டவணை முறைகள், பிரெஞ்சு மொழித் தேர்ச்சி, விசா, மாதக்கணக்கில் தங்கச் செலவு. எக்ஸ் காப்பகம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நூறாண்டு கடந்தவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நம் காலப்பகுதிக்கு அது எட்டாது. 2008இல் வந்த பிரெஞ்சுச் சட்டப்படி வெளியுறவு இரகசியங்களுக்கு ஐம்பது ஆண்டுக் காப்பு. அந்தக் காலம் முடிந்துவிட்டது. நேரில் போனால் படிக்கலாம்.

போனால் என்ன கிடைக்கும் என்பதில் மிகைப்படுத்தல் வேண்டாம், குறைத்தலும் வேண்டாம். அஜித் நியோகி எழுதி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1997இல் வெளியிட்ட நூலும், ஜெசிகா நாமக்கல் 2021இல் வெளியிட்ட நூலும் பிரெஞ்சுக் கோப்புகளை நன்றாகப் பயன்படுத்தியவை. ஆளுநர் அலுவலகத்தின் அச்சம், பாரீசின் தயக்கம், அல்ஜீரியா எரிந்துகொண்டிருந்தபோது புதுச்சேரி உடன்படிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கத் தயங்கி 1962 வரை இழுத்தது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கோப்புகள் வேண்டும். ஆனால் கிராமத்தைப் பற்றி அவை பேசும்போது கவனம் தேவை. 1948 முதல் 1951 வரை நடந்த அடிதடிகளைப் பற்றிய அறிக்கைகளில் இரு தரப்பும் எதிர்த்தரப்பின் ஆட்களைக் குண்டர்கள் என்று எழுதியது. 1951இல் சர்வதேச நீதிமன்றத்தின் வழியாக நியமிக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்து, அமைதியான வாக்கெடுப்புக்குச் சூழ்நிலை இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு அரசுகளின் காகிதங்களுக்கு நடுவே மூன்றாமவர் ஒருவரின் பார்வையில் எழுந்த அரிய மூலம் அது. அதை மையத்தில் வைத்து எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இனி நம் கைக்கு எட்டும் காப்பகங்கள். முதலாவது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பிரெஞ்சிந்தியாவைப் பற்றி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுவதற்கு ஒரே காரணம், புதுச்சேரி சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்ததில்லை என்பதுதான். ஆனால் புதுச்சேரியைச் சுற்றி வளைத்திருந்தது தென்னார்க்காடு மாவட்டம். கடலூர் கலெக்டருக்கு எல்லை அன்றாடத் தலைவலி. சோதனைச் சாவடி, அரிசிக் கட்டுப்பாடு, கடத்தல், எல்லை தாண்டி ஓடிவந்த தொழிலாளர்கள், போலீஸ் நிறுத்தம், எல்லை கிராமத்தாரின் மனுக்கள் எல்லாம் சென்னை அரசின் ஜி.ஓ.க்களாக, துறைவாரி ஆண்டுவாரி அட்டவணையோடு இருக்க வேண்டிய இடம் அது. ஓமந்தூராரிடமிருந்து குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர் வரை ஆட்சி மாறியபோதும் கோப்பு தொடர்ந்தது. இந்த மூலத்தின் சாய்வு தெளிவானது: இது இந்தியத் தரப்பின் காவல்காரர் எழுதியது. கெடுபிடியைக் கடமை என்றும், எல்லை தாண்டியவரைக் கடத்தல்காரர் என்றும் எழுதும். ஆனால் மனு என்ற ஒன்று இந்தக் கோப்புகளுக்குள் தைத்திருக்கும். ஒரு கிராமத்தார் கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் அவர்களுடைய கணக்கு, அவர்களுடைய வாதம், சிலவேளை அவர்களுடைய கைநாட்டுகள் இருக்கும். நாம் தேடும் பெண் எங்காவது பேசினால், அது இப்படிப்பட்ட ஒரு தாளில்தான் இருக்கும்.

இரண்டாவது, இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம். லாஸ்பேட்டை பக்கம் ஜீவானந்தபுரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் விட்டுச்சென்ற தாள்கள், அதாவது உடன்படிக்கை ‘நிர்வாகம்’ என்று நம்மிடம் விட்டவற்றில் ஒரு பெரும்பகுதி, இங்கே. பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. மற்றொரு பகுதி இன்றும் அந்தந்த அலுவலகங்களிலேயே கிடக்கிறது: நகராட்சிகளின் பிறப்பு-இறப்புப் பதிவேடுகள், நில அளவைத் துறையின் பதிவுகள், பத்திரப் பதிவுகள். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகத் தாத்தாவின் பிறப்புச் சான்று தேடும் குடும்பங்கள் இவற்றை நன்கு அறியும். வரலாற்று மாணவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. இந்த மூலங்களின் சிரமம் மொழியும் எழுத்துக்கூட்டலும்தான். பிரெஞ்சு எழுத்தர் உழவர்கரையை ஊல்காரே என்றும் வில்லியனூரை வில்லெனூர் என்றும் எழுதுவார். சிறு குப்பங்களின் பெயர் ஒரே பதிவேட்டில் இரண்டு விதமாக வரலாம். பள்ளி அளவு பிரெஞ்சும் பொறுமையும் இருந்தால் பதிவேட்டைப் படித்துவிடலாம். ஏனென்றால் அதில் வாக்கியங்கள் குறைவு. பெயர், தொழில், தொகை, தேதி என்றுதான் ஓடும்.

டெல்லித் தேசியக் காப்பகத்தின் கோப்புகளை ‘அபிலேக் பட்டல்’ இணையதளத்தில் தேடலாம். 2015இல் வந்த இந்தத் தளம் பெரிய உதவி, ஐயமில்லை. ஆனால் அது தேடுவது கோப்பின் தலைப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது தேடாது. அன்றைய குமாஸ்தா ‘புதுச்சேரி’ என்று எழுதியிருக்கலாம், ‘பிரெஞ்சு உடைமைகள்’ என்று எழுதியிருக்கலாம், ‘பிரெஞ்சுக் குடியிருப்புகள்’ என்றும் எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் போட்டுத் தேடாதவர், எதுவுமில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டமும் அதன் விதிகளும் இருபத்தைந்து ஆண்டு கடந்த கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. அனுப்பாத அமைச்சகத்தை அசைக்க ஆராய்ச்சி மாணவருக்குப் பலமில்லை என்பதும் உண்மை.

அச்சிட்ட தமிழ்ப் பொருள்களின் நிலை இன்னும் மோசம். சென்னை மாகாணத்தில் அச்சான புத்தகமெல்லாம் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகி, காலாண்டுப் பட்டியலில் ஏறியது. புதுச்சேரியில் அச்சானது அந்நிய நாட்டில் அச்சானது. அந்தப் பட்டியலுக்குள் வராது. நூல்களை நான்கு பெரிய நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் இந்தியச் சட்டம் 1954இல்தான் வந்தது. கன்னிமாரா அவற்றில் ஒன்று. அமெரிக்க நூலகங்கள் இந்திய நூல்களை மொத்தமாக வாங்கத் தொடங்கியது 1960களில். ஆக 1930 முதல் 1954 வரை புதுச்சேரித் தமிழ் அச்சகங்கள் போட்ட துண்டறிக்கை, சிறுநூல், வார இதழ் எல்லாம் எந்தச் சட்டத்தின் வலையிலும் முழுதாக விழாமல் நழுவின. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலும், பிரெஞ்சு நிறுவனத்திலும், சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் துண்டுதுண்டாகத் தேடித்தான் சேர்க்க வேண்டும். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா 1934இல் தொடங்கிய ‘சுதந்திரம்’ இதழையும், எல்லைக்கு அப்பாலிருந்து எழுதிய ‘தினமணி’, ‘சுதேசமித்திரன்’ இதழ்களையும் ஒரே வாரத்துக்கு எடுத்து அருகருகே வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி. ஒன்று தொழிலாளர் போராட்டத்தைப் பார்க்கும், மற்றவை தேசிய இணைப்பைப் பார்க்கும். இரண்டும் ஒப்புக்கொள்ளும் செய்தி இருந்தால் அதை ஓரளவு நம்பலாம்.

நினைவுக் குறிப்புகளுக்கு நம் ஊரில் அளவுக்கு மீறிய மதிப்பு. சுப்பையாவின் தன்வரலாறு, புதுச்சேரியில் இந்தியக் கான்சல் ஜெனரலாக இருந்த ரஷீத் அலி பெய்க், இணைப்புக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற கேவல் சிங் ஆகியோரின் நூல்கள் எல்லாம் படிக்க வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வெற்றியில் தனக்கிருந்த பங்கை நிறுவவே எழுதப்பட்டது. பிரெஞ்சு ஆதரவாளராகப் பல ஆண்டு இருந்த குபேர் 1954 மார்ச்சில் ஏன் மாறினார் என்ற கேள்விக்கு ஒரே விடை இந்நூல்களிலிருந்து எழாது. அந்த விடையைத் தேட வேண்டிய இடம் அந்த மார்ச் மாதத்துக் கோப்புகள். நினைவு நூல் கேள்வியைத் தரட்டும், சான்றை வேறிடத்தில் தேடுவோம்.

மூலத்தைப் பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கீழூர் போதும். 1954 அக்டோபர் 18இல் அங்கே இணைப்பைப் பற்றி நடந்ததை மக்கள் வாக்கெடுப்பு என்று மேடையிலும் மலர்களிலும் இன்றும் எழுதுகிறார்கள். வாக்களித்தவர்கள் 178 பேர். பிரதிநிதிசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்த்து. மக்களே நேரில் வாக்களித்தது வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில், 1949 ஜூன் 19இல்: ஆதரவு 7,473, எதிர்ப்பு 114. நிலத்தை விட்டுக்கொடுக்க அங்குள்ள மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று பிரெஞ்சு அரசியல் சட்டம் சொன்னதால்தான் கீழூரில் அந்தக் கூட்டமே கூடியது. 178 பேரின் ஒப்புதலை மூன்று லட்சம் பேரின் ஒப்புதலாகக் கொள்ளலாமா என்ற விவாதம் பிரெஞ்சு நாடாளுமன்ற அறிக்கைகளில் தேட வேண்டியது. நான்காம் குடியரசின் அவை நடவடிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அதைப் படிக்க விமானம் ஏற வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. பிள்ளைச்சாவடி மாணவர் பாரீசுக்குப் போக வேண்டும் என்று சொல்வது தவறான அறிவுரை. இரண்டு அரசுகள் எப்படிப் பேசின என்பது கேள்வியாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். அதற்குக்கூட நியோகியின் நூலும் நேருவின் தொகுதிகளும் முதல் ஓராண்டுக்குப் போதும். மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது கேள்வியானால் எழும்பூர் முதலாவது, லாஸ்பேட்டை இரண்டாவது. மொழிச் சிக்கல் இல்லாமலும் மனுக்களோடும் கிடைப்பதால் எழும்பூரை முன்னே வைக்கிறேன். சாய்வைச் சரிபார்க்க லாஸ்பேட்டைப் பதிவேடுகள் அவசியம். ஒன்றில்லாமல் மற்றொன்றை வைத்து எழுதிய ஆய்வேட்டை நான் ஏற்கமாட்டேன். நாளிதழ்கள் மூன்றாவது. நினைவு நூல்கள் கடைசி. இவை எல்லாவற்றையும்விட அவசரமானது வாய்மொழி. 1954இல் பதினைந்து வயதானவருக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். துறைமுகம் கட்டியபின் கடல் அரித்துத் தின்ற கரையோர வீடுகளோடு, பெட்டிக்குள் இருந்த பழைய அனுமதிச் சீட்டும் ரசீதும் போயிருக்கும். கோப்பு இன்னும் பத்தாண்டு காத்திருக்கும். அந்தப் பாட்டி காத்திருக்கமாட்டார். பல்கலைக்கழக வரலாற்று மாணவர்களை இந்தக் குப்பங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு அனுப்புவது இந்த ஆண்டே செய்ய வேண்டிய வேலை.

புதுச்சேரி அரசின் மீதும் ஒரு குறை உண்டு. நம்மிடம் விடப்பட்ட நிர்வாகக் காகிதங்களில் எவை எந்த அலுவலகத்தில் உள்ளன என்று கொம்யூன் வாரியாக ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். பட்டியல் வரும்வரை கையில் உள்ள கருவி தகவல் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(3) பிரிவுப்படி இருபது ஆண்டு கடந்த தகவலுக்கு, நாட்டின் இறையாண்மை, வெளியுறவு போன்ற சில காரணங்கள் தவிர மற்ற மறுப்புகள் செல்லாது. பிரான்சோடு நடந்த பேச்சைக் கேட்டால் மறுக்க இடமுண்டு. காலாப்பட்டின் 1950ஆம் ஆண்டு வரிப்பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மறுக்க இடமில்லை. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.